ஒரு கடிதத்தோடு நின்றுபோன ரயில்பாதை

யாழ்ப்பாணத்திலிருந்து இரவு ரயிலில் ஏறும் ஒருவர் விடியற்காலையில் கொழும்பு கோட்டையில் வந்து இறங்குகிறார். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை உறங்கியபடியே கடந்துவிட்டார். கடவுச்சீட்டை ஒருநாள் சேவையில் எடுக்கவேண்டும். அலுவலகம் பத்தரமுல்லையில் இருக்கிறது. இன்னும் பத்துக் கிலோமீற்றர் அளவில்தான் தூரம். ஆனால், முழுப் பயணத்திலும் ஆளைக் களைக்கவைப்பது இந்தப் பத்துக் கிலோமீற்றர்தான். பொரளையில் பஸ் நிற்கும், ராஜகிரியவில் ஊரும், பத்தரமுல்லைச் சந்திக்கு முன்னால் மறுபடியும் நிற்கும். காலை எட்டு மணிக்குப் பிறகு இந்த வீதியில் எவ்வளவு நேரம் செல்லும் என்று யாரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள்.

வழக்கமாக இந்த வழியில் போய்வருபவர்களுக்கு இது ஒருநாள் கதையல்ல. கொள்ளுப்பிட்டிக்கும் கடுவெலவுக்கும் இடையில் ஓடும் 177ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டே தினமும் வேலைக்குப் போகிறவர்கள் வாழ்க்கையில் எத்தனை மணித்தியாலங்களை இந்த வீதியில் விட்டிருப்பார்கள்? இந்த வீதிக்கு மேலாக இந்நேரம் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருக்கலாம். பணம் இருந்தது, பாதை தீர்மானிக்கப்பட்டிருந்தது, ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. 2020 செப்டம்பரில் ஒரு கடிதத்தோடு எல்லாம் நின்றுபோனது.

மாலபே – கோட்டை இலகு ரயில் திட்டம் ஏன் வந்தது, நகரத்தில் இப்படியொரு பாதையை எப்படிக் கட்டுகிறார்கள், அது ஏன் நின்றது, வடக்கு கிழக்கில் இருக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பவற்றை இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

ரயில் இல்லாத தலைநகரம்

இலங்கையின் ரயில் பாதைகள் மனிதர்கள் வேலைக்குப் போவதற்காகப் போடப்பட்டவையல்ல. மலையகத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்ற தேவையில் தொடங்கியவை. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை முதல் பாதை திறக்கப்பட்டது. பின்னர் பிரதான பாதை, கரையோரப் பாதை, புத்தளம் பாதை, களனிவெளிப் பாதை எனக் கிளைகள் விரிந்தன. கொழும்புக்கு வேலைக்கு வருபவர்கள் இன்றும் தொங்கிக்கொண்டு வருவது இந்தப் பழைய பாதைகளில்தான்.

நகரமோ வேறு திசையில் வளர்ந்தது. 1982இல் நாடாளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேக்குப் போனது. அதன் பின்னால் அமைச்சுகளும் திணைக்களங்களும் பத்தரமுல்லைக்குப் போயின. மாலபேயில் தனியார் பல்கலைக்கழகங்களும் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வந்தன. களனிவெளிப் பாதை நாரஹேன்பிட்டி, நுகேகொட, மஹரகம என்று தெற்குப் பக்கமாகப் போகிறது. ஆக, அரசாங்கத்தின் பெரும்பகுதி ரயிலே இல்லாத ஒரு திசையில் குடியேறிவிட்டது. அந்த முழுப் பாரத்தையும் ஒரு வீதிதான் தாங்குகிறது.

வீதியை அகலமாக்கினால் போதாதா என்பது வழமையாக எழும் கேள்வி. போக்குவரத்துப் பொறியியலாளர்கள் இதற்கு ஒரு எளிய கணக்கைச் சொல்வார்கள். வீதியின் ஒரு தடத்தில் எல்லோரும் காரில் போனால் மணித்தியாலத்துக்கு அதிகம் போனால் இரண்டாயிரம் பேர் அளவில்தான் கடக்கலாம். அதே அகலத்தில் ஓடும் இலகு ரயில் ஒரு திசையில் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை கொண்டுபோகும். வீதியை அகலமாக்கினால் கார்களும் கூடும். சில ஆண்டுகளில் நெரிசல் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

பாதை கீறப்பட்ட விதம்

ஜெய்க்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜப்பான் சர்வதேச ஒத்துழைப்பு முகவரகம் 2012 முதல் கொழும்புப் பெருநகரின் போக்குவரத்தை ஆய்வு செய்தது. மக்கள் எங்கிருந்து எங்கே, எந்த நேரத்தில், எதில் போகிறார்கள் என்று கணக்கெடுத்தது. மாலபே வீதிதான் மிகமோசமான நெரிசல் வழிகளில் ஒன்று என்பது அதில் தெளிவானது. முதலில் ஒற்றைத் தண்டவாள ரயில் பற்றிப் பேசப்பட்டது. 2016இல் வெளியான மேல் மாகாணப் பெருநகரத் திட்டத்தில் அது இலகு ரயிலாக மாறியது. ஏழு பாதைகள் கொண்ட வலையமைப்பு அந்தத் திட்டத்தில் இருந்தது. முதலில் கட்டுவதற்குத் தெரிவானது மாலபேயிலிருந்து கோட்டை வரையான பாதை.

நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். 16 நிலையங்கள். மாலபே, கொஸ்வத்த, பத்தரமுல்லை, ராஜகிரிய, பொரளை வழியாகக் கோட்டைக்கு வரும். முழுப் பாதையும் தூண்களின் மேல். மாலபேயிலிருந்து கோட்டைக்கு அரை மணித்தியாலம் அளவில் போய்ச் சேரலாம் என்பது மதிப்பீடு.

தூண்களின் மேல் ஏன்? நகர ரயிலை மூன்று விதமாகப் போடலாம். தரையில் போட்டால் செலவு குறைவு, ஆனால் ஒவ்வொரு சந்தியிலும் வீதியைக் கடக்கவேண்டும். இதன் விலை என்ன என்பது வடக்கிலுள்ளவர்களுக்கு நன்றாகத் தெரியும். வடக்குப் பாதை மீண்டும் திறந்த பிறகு பாதுகாப்பற்ற கடவைகளில் எத்தனையோ உயிர்களை இழந்திருக்கிறோம். நிலத்துக்கு அடியில் போட்டால் மேலே எதையும் இடிக்கத் தேவை குறைவு, ஆனால் செலவு பல மடங்காகிவிடும். சதுப்பு நிலம் நிறைந்த கொழும்பில் நிலத்தடி நீரும் மேலதிகச் சிக்கல். இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது தூண் பாதை. வீதியின் நடுவில் தூண் எழும். வீதி அப்படியே இருக்கும். ஆனால், நிலையங்களும் படிக்கட்டுகளும் வளைவுகளும் பணிமனையும் வரும் இடங்களில் காணி தேவைப்படும்.

கட்டுமானம் என்றதும் நம் கண்ணுக்கு வருவது கொங்கிரீட்டும் கிரேனும்தான். ஆனால், இப்படியொரு திட்டத்தில் முதல் தூண் எழுவதற்கு முன்னரே பாதி வேலை முடிந்திருக்கவேண்டும். சாத்தியவள ஆய்வு, சுற்றாடல் தாக்க மதிப்பீடு, மண் பரிசோதனை, காணி அளவீடு, விரிவான வரைபடம், கேள்வி மனு என்று அது நீளும். நிலத்துக்கு அடியில் கிடக்கும் குடிநீர்க் குழாய், மின்கம்பி, தொலைபேசி வடம், நூறு ஆண்டு பழைய கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் தேடிப்பிடித்து இடம்மாற்றவேண்டும். இந்த வேலைகள் எதுவும் படமெடுத்துப் போடக்கூடியவையல்ல. ஆகவே ஒரு திட்டம் இந்தக் கட்டத்தில் நின்றால், "இன்னும் தொடங்கவேயில்லையே, நிறுத்தினால் என்ன நட்டம்?" என்று சொல்வது சுலபம். கொழும்பில் நடந்ததும் இதுதான்.

கடன் எப்படிப்பட்டது?

2019 மார்ச்சில் ஜப்பானுடன் கடன் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. முழுத் திட்டத்துக்கும் சுமார் 20,000 கோடி யென். முதல் கட்டமாக 3,000 கோடி யென் அளவில். வட்டி ஆண்டுக்கு 0.1 சதவீதம். திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள். அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், முழுத் தொகையையும் எடுத்திருந்தாலும் ஆண்டு வட்டி 20 கோடி யென்தான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றைச் சொல்லவேண்டும். அதே 2019 மார்ச் மாதத்தில் இலங்கை சர்வதேச சந்தையில் பிணைமுறிகளை விற்று 240 கோடி டொலர் கடன் வாங்கியது. அதில் ஐந்தாண்டுப் பிணைமுறிக்கு வட்டி 6.85 சதவீதம், பத்தாண்டுப் பிணைமுறிக்கு 7.85 சதவீதம். மூன்று ஆண்டுகள் கழித்து நாட்டை வங்குரோத்தாக்கிய கடன்களில் இப்படிப்பட்ட பிணைமுறிகளுக்குப் பெரும் பங்கு இருந்தது. அந்தப் பணத்தில் என்ன கட்டினார்கள் என்று கேட்டால் கைகாட்ட ஒரு தூண்கூட இல்லை.

ஜப்பானின் கடன் தர்மமல்ல என்பதையும் சொல்லவேண்டும். இந்த வகைக் கடனில் பிரதான ஒப்பந்தகாரர் ஜப்பானிய நிறுவனமாக இருக்கவேண்டும், பொருட்களிலும் சேவைகளிலும் குறிப்பிட்ட பங்கு ஜப்பானிலிருந்து வரவேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. போட்டி குறைவதால் விலை கூடும். ரூபாவின் மதிப்பு விழுந்தால் யென்னில் வாங்கிய கடன் பெருக்கும். பயணச்சீட்டு வருமானத்தால் மட்டும் எந்த நாட்டிலும் இப்படியொரு பாதையின் கட்டுமானச் செலவை மீட்பது கடினம். எனவே, இந்தத் திட்டம் விலை அதிகம் என்று வாதிட்டவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. பிரச்சினை அந்த வாதம் எங்கே, யார் முன்னால் நடந்தது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு கடிதம்

2020 செப்டம்பரில் அப்போதைய ஜனாதிபதியின் செயலாளர் பி.பி. ஜயசுந்தர போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். திட்டம் மிகவும் செலவு கூடியது, கொழும்புக்குப் பொருத்தமான தீர்வல்ல, உடனடியாக நிறுத்தி அலுவலகத்தையும் மூடுங்கள் என்பதே அதன் சாரம். அப்போது கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியாகிப் பத்து மாதங்கள். நாடாளுமன்றத் தேர்தலில் மூன்றில் இரண்டை நெருங்கிய வெற்றி கிடைத்து ஏழு வாரங்கள்கூட ஆகவில்லை.

எட்டு ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளை மறுக்கும் இன்னொரு ஆய்வு மக்கள் முன் வைக்கப்படவில்லை. நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்கவில்லை. அந்த வீதியில் தினமும் போய்வரும் மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பின்னர் அதே பகுதியில் தூண்களின் மேல் அதிவேக வீதி ஒன்றைக் கட்டும் திட்டம் முன்னுக்கு வந்தது. தலங்கம ஈரநிலத்தின் ஊடாகப் பாதை போவதை எதிர்த்து அப்பகுதி மக்கள் குரல் எழுப்பினார்கள். தூண் பாதை ரயிலுக்கு விலை அதிகம், காருக்கு விலை அதிகமில்லை என்பதுதான் அப்போது கிடைத்த செய்தி.

வடிவமைப்பில் ஈடுபட்டிருந்த ஆலோசகர்கள் நட்டஈடு கோரினார்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கையும் இந்த நிறுத்தத்தைக் கேள்விக்குட்படுத்தியது. 2022இல் நாடு கடனைக் கட்டமுடியாமல் நின்றபோது, கடன் மறுசீரமைப்புக்கு யாருடைய ஆதரவு தேவைப்பட்டதோ அவர்களில் முக்கியமானது ஜப்பான். 2023 மே மாதத்தில் டோக்கியோவுக்குப் போன ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, இந்தத் திட்டத்தை நிறுத்தியதற்காக ஜப்பானியப் பிரதமரிடம் வருத்தம் தெரிவித்தார். 

டாக்கா கட்டி முடித்தது

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது என்பவர்கள் வங்கதேசத்தைப் பார்க்கலாம். டாக்காவின் முதல் மெட்ரோ பாதையும் ஜெய்க்காவின் கடனில் கட்டப்பட்டதுதான். அதுவும் தூண்களின் மேல் போவது. 2016 ஜூனில் வேலைகள் தொடங்கிவைக்கப்பட்டன. அடுத்த மாதமே டாக்காவில் ஒரு உணவகத்தில் நடந்த தாக்குதலில், போக்குவரத்துத் திட்ட ஆய்வுக்காக வந்திருந்தோர் உட்பட ஏழு ஜப்பானியர்கள் கொல்லப்பட்டார்கள். திட்டத்தைக் கைவிட அதைவிடப் பெரிய காரணம் யாருக்கும் கிடைத்திருக்காது. இரு தரப்பும் கைவிடவில்லை. கொவிட் காலத்தையும் தாண்டி, 2022 டிசம்பரில் முதற்கட்டம் திறக்கப்பட்டது. 2023 நவம்பரில் ரயில் மோதிஜீல் வரை ஓடத் தொடங்கியது. அந்த ஊரின் ஆட்சியில் குறைகள் ஏராளம் இருந்தன என்பதை 2024இல் உலகம் பார்த்தது. ஆனாலும், ரயில் ஓடுகிறது.

காணியும் சட்டமும்

இப்படியான திட்டங்களில் நாம் குறைவாகப் பேசும் பகுதி காணி. இலங்கையில் பொதுத் தேவைக்குக் காணி எடுப்பது 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் கீழ்தான். அதன் 2ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்டப்படும். காணி தேவைப்படலாம், அளவிட வருவோம் என்பதுதான் அதன் அர்த்தம். ஆனால், அந்தக் கடதாசி ஒட்டப்பட்ட நாளிலிருந்து காணியை வாங்க ஆள் வராது, வங்கி கடன் தராது, வீட்டுக்காரர் ஒரு அறைகூடக் கட்டத் துணியமாட்டார்.

இந்தக் கடதாசி வலிகாமம் வடக்கு மக்களுக்குப் புதிதல்ல. 2013இல் இதே சட்டத்தின் இதே பிரிவின் கீழ்தான் 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்காக எடுக்கப்போவதாக அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காணிச் சொந்தக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. கொழும்பிலும் காணியற்ற ஏழைகளின் அனுபவம் இதைவிடப் பெரிதாக வேறுபடவில்லை. நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட 2010ஆம் ஆண்டில், கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் குடும்பங்கள் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுடைய வீடுகள் இடிக்கப்பட்டன.

இலகு ரயில் திட்டத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. கடன் கொடுக்கும் ஜெய்க்கா தனது வழிகாட்டு நெறிகளின்படி நடக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்திருந்தது. இழக்கும் வீட்டுக்குப் பதிலாக அதேபோன்ற இன்னொன்றை வாங்கக்கூடிய அளவு நட்டஈடு, காணி உறுதி இல்லாதவர்களுக்கும் உதவி, பாதிக்கப்படுவோருடன் முன்கூட்டியே கலந்துரையாடல் என்பவை அதில் அடங்கும். 2001இலேயே இலங்கை அமைச்சரவை ஏற்றுக்கொண்ட மீள்குடியேற்றக் கொள்கையும் ஏறத்தாழ இதையே சொல்கிறது. அது கொள்கை மட்டுமே, சட்டமல்ல. ஆகவே, ஒரு குடிமகன் தன் வீட்டுக்கு நியாயமான விலை பெறுவதா இல்லையா என்பது அந்தத் திட்டத்துக்குக் கடன் கொடுப்பவர் யார் என்பதில் தங்கியிருக்கிறது. கடன்காரர் கேட்டால் கிடைக்கும். இராணுவம் எடுத்தால் கிடைக்காது.

வடக்குக்கு வந்த ரயில்

ரயில் பாதை நின்றுபோவது என்றால் என்னவென்று வடக்கு மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990இல் யாழ்தேவி நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்களுக்குப் போயின. ஒரு தலைமுறை ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தது. போர் முடிந்த பிறகு இந்தியக் கடனில், இந்திய அரச நிறுவனமான இர்கொன் பாதையை மீண்டும் போட்டது. 2013 செப்டம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று ரயில் வந்து சேர்ந்தது.

இதிலிருந்து இரண்டு விடயங்கள் தெரிகின்றன. ஒன்று, அரசியல் விருப்பம் இருந்தால் இந்த நாட்டிலும் பாதையைச் சில ஆண்டுகளில் போட்டுவிடலாம். மற்றையது, ரயில் காங்கேசன்துறைக்குப் போன அந்த நாளில், பாதையின் இருபுறமும் கிடந்த ஊர்களின் மக்களில் பலர் இன்னும் நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள். ரயிலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, காணிக்காரருக்குக் கிடைக்கவில்லை. 25 ஆண்டுகளாகக் கால்வைக்க முடியாத தன் ஊரை, காடு பற்றிய வளவுகளை, கூரையில்லாத வீடுகளை ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓட ஓடப் பார்த்தவர்கள் உண்டு. காணி விடுவிப்பு அதன் பிறகும் துண்டு துண்டாகவே நடந்தது. பாதை திறந்ததை அபிவிருத்தி என்று அறிவித்தவர்கள் அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கமாட்டார்கள்.

2022 ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் யாழ் ராணி என்ற ரயில் சேவை தொடங்கப்பட்டது. அரச ஊழியர்களும் மாணவர்களும் காலையில் வேலைக்கும் படிப்புக்கும் போவதற்கான ரயில் அது. புதிய தண்டவாளம் போடவில்லை. இருந்த பாதையில், இருந்த பெட்டிகளை வைத்து, மக்கள் போகும் நேரத்துக்கு ஒரு ரயிலை விட்டார்கள். கொழும்புக்குப் போகும் ரயில் மட்டுமல்ல, நம் ஊர்களுக்கு இடையில் நாம் வேலைக்குப் போகும் ரயிலும் தேவை என்பதை அந்த நெருக்கடிதான் காட்டியது.

நாம் கேட்கவேண்டியவை

மாலபே ரயில் பற்றிய பேச்சு அவ்வப்போது மறுபடி எழுகிறது. அது வந்தாலும் வராவிட்டாலும், நாளை யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ ஒரு பெரிய திட்டம் வரும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகளை அது விட்டுச்சென்றிருக்கிறது. கடனின் வட்டி எவ்வளவு, நிபந்தனை என்ன? காணி யாருடையது, நட்டஈடு எந்தக் கணக்கில், எப்போது கிடைக்கும்? ஆய்வறிக்கை தமிழில் இருக்கிறதா? காலையில் யார் அதில் ஏறுவார்கள், சீட்டின் விலை அவர்களுக்குக் கட்டுமா? திட்டத்தை நிறுத்த நினைத்தால் காரணத்தை யாரிடம் சொல்லவேண்டும்? இவற்றில் பலவற்றை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேட்டுப் பெறலாம்.

கடைசிக் கேள்விதான் முக்கியம். மாலபே ரயில் தேவையா இல்லையா என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், நாற்பது ஆண்டுக் கடனை வாங்குவதும் அதைக் கிழித்துப்போடுவதும் ஒரு அலுவலகத்துக்குள் முடிந்துபோகும் நாட்டில், ரயில் பாதையும் காணிப் பத்திரமும் ஒரே மாதிரித்தான் ஆபத்தில் இருக்கின்றன. பொரளையில் நிற்கும் 177 பஸ்ஸுக்குள் இருப்பவருக்கும், வலிகாமம் வடக்கில் வேலிக்கு வெளியே நிற்பவருக்கும் அந்த முடிவை எடுத்தவர் யார் என்று கேட்கும் உரிமை உண்டு. அதற்கான பதில் இருவருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.